லாவோ ட்சு சொன்னதா, உரைக்காரர் சொன்னதா? சீன உரைகள் குறித்து அடிக்கடி வரும் கேள்விகள்

எங்கள் வாசகர் கூட்டத்தில் தாவோ தே ஜிங் என்ற பழைய சீன நூலை எடுத்தபோது ஆளுக்கொரு மொழிபெயர்ப்போடு வந்தார்கள். ஒரே வரிக்கு நாலு பொருள். முதல் மாலை முழுக்க முதல் அத்தியாயத்தைத் தாண்ட முடியவில்லை. எங்கள் சண்டையெல்லாம் சீனாவில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே போட்டு முடித்த சண்டை என்பது பிறகுதான் தெரிந்தது. ஒவ்வொரு மொழிபெயர்ப்புக்குப் பின்னாலும் ஏதோ ஒரு பழைய உரையாசிரியர் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு வருடமாகத் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

தாவோயிசம்னா எந்தப் புத்தகம்? எப்ப எழுதினது?

இந்தப் பக்கத்துக்கு இரண்டு நூல்கள் போதும். ஒன்று, லாவோ ட்சு பெயரில் வழங்கும் தாவோ தே ஜிங். ‘தாவோ’ என்றால் வழி, ‘தே’ என்றால் அதன் ஆற்றல். ஏறக்குறைய 5,000 சீன எழுத்துகள், 81 சிறு அத்தியாயங்கள். இன்னொன்று சுவாங் ட்சு. கதையும் கிண்டலும் வாதமும் கலந்த பெரிய நூல், 33 அத்தியாயங்கள். இரண்டும் கி.மு. 4, 3ஆம் நூற்றாண்டுகளை ஒட்டி உருவானவை. ஒரே ஆள் ஒரே மூச்சில் எழுதியவை அல்ல.

நாம் பேசப்போகும் உரைகள் பெரும்பாலும் கி.பி. 3ஆம் நூற்றாண்டு முதல் 14ஆம் நூற்றாண்டு வரை வந்தவை. மூலத்துக்கும் முதல் பெரிய உரைகளுக்கும் நடுவிலேயே சில நூற்றாண்டுகள் போய்விட்டன என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐயாயிரம் எழுத்துதானே, நேரா மூலத்தையே படிச்சுட்டுப் போகலாமே. உரை எதுக்கு?

பழைய சீனத்தில் நிறுத்தக்குறி கிடையாது. வேற்றுமை உருபு, கால விகுதி எதுவும் இல்லை. முதல் அத்தியாயத்தில் ஒரு வரி, சொல்லுக்குச் சொல் வைத்தால் இப்படி இருக்கும்: ‘இல்லை பெயர் வானம் பூமி தொடக்கம்’. எங்கே மூச்சு விடுவது? இரண்டாம் சொல்லுக்குப் பின் விட்டால், ‘பெயரில்லாததே வானுக்கும் பூமிக்கும் தொடக்கம்’. முதல் சொல்லுக்குப் பின் விட்டால், ‘இன்மை என்பது வானுக்கும் பூமிக்கும் தொடக்கமானதன் பெயர்’. முன்னது மொழியின் எல்லையைப் பற்றிய பேச்சு. பின்னது உலகம் எதிலிருந்து வந்தது என்ற பேச்சு. ஒரு நிறுத்தம் இடம் மாறியதும் தத்துவமே மாறிவிட்டது.

3ஆம் நூற்றாண்டின் வாங் பி முதல் வகையாகப் பிரித்தார். 11ஆம் நூற்றாண்டில் வாங் அன்ஷி இரண்டாம் வகையாகப் பிரித்தார். வேடிக்கை என்னவென்றால், அரசியலில் வாங் அன்ஷிக்குப் பரம எதிரியான சிமா குவாங்கும் இதே இடத்தில்தான் நிறுத்தினார். சோங் பேரரசின் வரி, கடன் திட்டங்களில் ஒத்துப்போகாத இருவர் இந்த ஒரு நிறுத்தத்தில் ஒத்துப்போனார்கள்.

வாங் பி, வாங் பின்னு எல்லாரும் சொல்றாங்க. யாரு அவரு?

226இல் பிறந்து 249இல் தொற்றுநோயில் இறந்தவர். 23 வயது. அதற்குள் தாவோ தே ஜிங்கிற்கும் ‘யி ஜிங்’ என்ற நிமித்த நூலுக்கும் உரை எழுதிவிட்டார். இரண்டும் இன்றுவரை நிற்கின்றன. அவரை ஆதரித்த மூத்த அறிஞர் ஹெ யானும் லாவோ ட்சுவுக்கு உரை எழுதத் தொடங்கியிருந்தார். இந்தப் பையன் சொல்வதைக் கேட்டதும் தன் உரையைக் கைவிட்டு, அதைத் தனிக் கட்டுரையாக மாற்றிக்கொண்டார் என்று ஒரு கதை உண்டு. அதே 249இல் அரண்மனைக் கவிழ்ப்பில் ஹெ யான் தலை போனது. வாங் பியின் பதவியும் போனது. சில மாதங்களில் உயிரும் போனது.

அவருடைய மையச் சொல் ‘வூ’, அதாவது இன்மை. இருக்கிற பொருள் எல்லாம் இருப்பிலிருந்து வருகிறது, இருப்புக்கு வேர் இன்மை என்றார். சக்கரத்தின் குடத்தில் துளை இல்லாவிட்டால் சக்கரம் சுற்றுமா? அதுபோல் எந்த வடிவமும் இல்லாத ஒன்றே எல்லா வடிவத்தையும் தாங்க முடியும். வேரைப் பேணு, கிளைகள் தாமே சரியாகும் என்பதுதான் அவர் உரை முழுக்க ஓடும் ஓட்டம். லாவோ ட்சுவில் இந்த எண்ணம் ஆங்காங்கே இருக்கிறது. அதை ஒரே தண்டில் கோத்து ஒழுங்கான தத்துவமாக்கியது வாங் பி.

அப்ப அவர் தாவோயிஸ்ட்தானே? கன்பூசியஸுக்கு எதிரிதானே?

இதைக் கேட்காத ஆளே இல்லை. பதில் கொஞ்சம் அதிர்ச்சி தரும். வாங் பிக்குக் கன்பூசியஸ்தான் உயர்ந்த ஞானி. லாவோ ட்சு ஒரு படி கீழே.

5ஆம் நூற்றாண்டின் ‘ஷிஷுவோ ஷின்யு’ தொகுப்பில் ஒரு சம்பவம் வருகிறது. பெய் ஹுய் என்ற பெரியவர் இளம் வாங் பியிடம் கேட்கிறார்: ‘இன்மைதான் எல்லாவற்றுக்கும் ஆதாரம் என்றால், கன்பூசியஸ் ஏன் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை? லாவோ ட்சு ஏன் ஓயாமல் பேசுகிறார்?’ வாங் பியின் பதிலின் சாரம் இது: கன்பூசியஸ் இன்மையாகவே வாழ்ந்தார், அது சொல்லித்தர முடியாதது என்பதால் இருப்பைப் பற்றி மட்டும் பேசினார். லாவோ ட்சுவும் சுவாங் ட்சுவும் இருப்பை விட்டு முழுக்க விலகவில்லை. ஆகவே தங்களிடம் குறைந்ததைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். லாவோ ட்சுவுக்கு இவ்வளவு பெரிய உரை எழுதியவர், அவர் பேசியதே அவருடைய குறைக்குச் சாட்சி என்கிறார். எனக்கு இது இன்னும் முழுசாகச் செரிக்கவில்லை. ஆனால் அன்றைய படித்த சீனர்களுக்கு ‘இந்தக் கட்சி, அந்தக் கட்சி’ என்ற பிரிவு நாம் நினைப்பதுபோல் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

ஆற்றங்கரைப் பெரியவர்னு ஒருத்தர் ஆகாசத்துல எழும்பினாராமே?

ஹெஷாங் கோங் என்ற பெயருக்கே ஆற்றோரத்துப் பெரியவர் என்றுதான் பொருள். ஹான் பேரரசர் வென், கி.மு. 2ஆம் நூற்றாண்டுக்காரர், லாவோ ட்சுவில் புரியாத இடங்களைக் கேட்க ஆள் அனுப்பினாராம். ‘தாவோவும் தேவும் உயர்ந்தவை, தூரத்திலிருந்து கேட்கக் கூடாது’ என்று பதில் வந்தது. அரசரே வந்தார். ‘இந்த நாட்டில் இருக்கும் நீ என் குடி, கொஞ்சம் பணியக் கூடாதா?’ என்றார். பெரியவர் கை தட்டி அந்தரத்தில் எழும்பி, ‘மேலே வானத்தில் இல்லை, நடுவில் மனிதரோடு இல்லை, கீழே மண்ணில் இல்லை. எப்படி உன் குடி?’ என்றாராம். இது புராணம். பெரியவர் பெயரில் வழங்கும் உரை பெரும்பாலும் அந்த அரசருக்கு இரண்டு மூன்று நூற்றாண்டு பிந்தியது.

உரைக்குள் போனால் ஆள் படு நடைமுறைக்காரர். உடம்பைப் பேணுவதும் நாட்டைப் பேணுவதும் ஒரே வேலை என்பது அவர் கட்சி. முதல் வரியில் ‘சொல்லக்கூடிய தாவோ’ என்பது அரசியலும் கல்வியும் பற்றிய வழி. அது நீண்ட ஆயுளுக்கான இயல்பான வழி அல்ல என்று முடித்துவிடுகிறார். ஆறாம் அத்தியாயத்தில் ‘பள்ளத்தாக்கின் ஆவி சாவதில்லை’ என்று வரும். வாங் பிக்கு அது பள்ளத்தாக்கின் நடுவில் உள்ள வெறுமை. ஹெஷாங் கோங்கோ ‘பள்ளத்தாக்கு’ என்ற எழுத்துக்கு ‘ஊட்டி வளர்த்தல்’ என்று பொருள் கொடுத்து, உடலுறுப்புகளில் குடியிருக்கும் ஆவிகளை வளர்த்தால் சாவில்லை என்கிறார். சீனாவில் பல நூற்றாண்டு சாதாரண மக்களிடம் அதிகம் புழங்கியது இவருடைய உரைதான்.

‘வைக்கோல் நாய்’னா என்ன சார்? திட்டுறாரா?

ஐந்தாம் அத்தியாயம்: ‘வானும் பூமியும் அருளற்றவை; எல்லா உயிரையும் வைக்கோல் நாயாக நடத்துகின்றன.’ எங்கள் கூட்டத்தில் இந்த ஒரு வரிக்கு இரண்டு அமர்வு போனது. வைக்கோல் நாய் என்பது சடங்கில் வைக்கும் பொம்மை. சுவாங் ட்சு நூலிலேயே அதன் கதை இருக்கிறது: சடங்குக்கு முன் அதை மூங்கில் பெட்டியில் வைத்து, பூவேலைத் துணி போர்த்தி மரியாதை செய்வார்கள். சடங்கு முடிந்ததும் வீதியில் கிடக்கும். போகிறவர் வருகிறவர் மிதிப்பார்கள். புல் பொறுக்குகிறவன் அடுப்பெரிக்க எடுத்துப்போவான்.

வாங் பி இந்தப் பொம்மையைக் கண்டுகொள்ளவே இல்லை. ‘வைக்கோல்’, ‘நாய்’ என்று இரண்டாக உடைத்தார். பூமி விலங்குக்காகப் புல்லை முளைக்க வைக்கவில்லை, ஆனாலும் விலங்கு புல்லைத் தின்கிறது; மனிதனுக்காக நாயைப் படைக்கவில்லை, ஆனாலும் மனிதன் நாயைத் தின்கிறான் என்றார். சொற்பொருளாகப் பார்த்தால் பிழை. ஆனால் அந்தப் பிழையிலிருந்து எவ்வளவு பெரிய கருத்து எடுத்திருக்கிறார் பாருங்கள்: இயற்கைக்கு யார் மீதும் நோக்கம் இல்லை. ஹெஷாங் கோங்கும் புல், நாய் என்று பிரித்தே படித்தார். வானும் பூமியும் படைத்தவற்றைப் புல்லைப்போல் நாயைப்போல் பார்க்கின்றன, கைம்மாறு எதிர்பார்ப்பதில்லை என்றார்.

ஒரு மதக் குழுவின் ‘ஷியாங் அர்’ உரைக்கு (அடுத்த கேள்வியில் வருகிறது) அருளற்ற வானம் என்பதே பொறுக்கவில்லை. நல்லவருக்கு அருள், கெட்டவருக்குத்தான் அருளின்மை என்று வரியைத் திருப்பியது. பொம்மையைச் சரியாகப் பிடித்தவர் 11ஆம் நூற்றாண்டில் பிறந்த சூ சே. அலங்கரித்தபோது அதன்மேல் அன்பா? இல்லை, நேரம் அப்படி. வீசியபோது வெறுப்பா? அதுவும் இல்லை, நேரம் அப்படி. நாலு பேரில் எனக்குப் பிடித்தவர் இவர்தான். ஆனால் நாய் தின்பவனைக் காட்டிய வாங் பியின் வரிதான் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

மூலத்துலயே எழுத்தை மாத்தினாங்கன்னு சொல்றாங்களே, உண்மையா?

உண்மை. ஷியாங் அர் உரை வடமேற்குச் சீனாவின் துன்ஹுவாங் குகையில் கிடைத்தது. ஆரல் ஸ்டைன் எடுத்துப்போனது, இப்போது லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. முன்பகுதி இல்லை, 3 முதல் 37ஆம் அத்தியாயம் வரை மிஞ்சியிருக்கிறது. 142இல் சிச்சுவானில் தொடங்கிய வான்குருக்கள் என்ற தாவோயிச மத இயக்கத்தின் வேதபாடம் இது.

16, 25ஆம் அத்தியாயங்களில் ‘அரசன்’ என்று வரவேண்டிய இடத்தில் இதில் ‘உயிர்’ என்று இருக்கிறது. சீனத்தில் இரண்டுக்கும் ஒரு கோடுதான் வித்தியாசம். தாவோ, வானம், பூமி, அரசன் என்ற நான்கு பெரியவற்றில் அரசன் கீழிறங்கி உயிர் ஏறிக்கொண்டது. ஏழாம் அத்தியாயத்தில் ‘சுயநலம்’ என்ற சொல்லின் இடத்தில் ‘பிணம்’ வந்து உட்கார்ந்தது; நீடு வாழும் வழி அறியாதவர் எல்லாம் நடைபிணம் என்று விளக்கமும் வந்தது. ‘ஐயாயிரம் எழுத்து’ என்ற புகழுக்கு ஏற்ப, அசைச்சொற்களைக் கழித்து எண்ணிக்கையையும் சரிக்கட்டியிருக்கிறார்கள். மோசடி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்களுக்கு லாவோ ட்சு தெய்வம். தாவோவே திரண்டு அவர் வடிவமானது என்று இந்த உரையே சொல்கிறது. தெய்வம் அரசனுக்கு அறிவுரை சொல்வதைவிட அடியாருக்கு உயிர் தருவதுதான் பொருத்தமாகப் பட்டிருக்கும்.

சுவாங் ட்சுவை குவோ ஷியாங் வெட்டிட்டாராம், உரையும் திருட்டாம். நிஜமா?

முதல் பாதி நிஜம். பழைய நூற்பட்டியலில் சுவாங் ட்சுவுக்கு 52 அத்தியாயங்கள். இன்று நம் கையில் இருக்கும் 33, குவோ ஷியாங் (இறப்பு 312) வடிகட்டியவை: உட்பகுதி 7, வெளிப்பகுதி 15, கலவை 11. கியோத்தோவின் கோசான்ஜி கோயிலில் உள்ள கைப்படியில் அவர் பின்னுரை இருக்கிறது. நூலில் பத்தில் மூன்று பங்கு பிற்காலத்தார் சேர்த்த கற்பனை, சில இடம் விசித்திரப் பிராணிக் கதை, சில இடம் கனவுப் பலன், அதனால் நீக்கினேன் என்கிறார். எனக்கு அந்தக் கனவுப் பலன்களைப் படிக்க ஆசையாக இருக்கிறது.

திருட்டு விஷயம்: அவருக்கு முன் ஷியாங் ஷியு என்பவர் உரை எழுதி, இரண்டு அத்தியாயம் முடிக்காமல் இறந்தார், குவோ ஷியாங் அதை எடுத்துத் தன் பெயர் போட்டுக்கொண்டார் என்று முன்பு சொன்ன அதே ஷிஷுவோ ஷின்யு தொகுப்பு குற்றம் சாட்டுகிறது. ஷியாங் ஷியுவின் உரை முழுசாகக் கிடைக்கவில்லை. பிற நூல்களில் மேற்கோளாக மிஞ்சிய துண்டுகளோடு ஒப்பிட்டால், எடுத்தாண்ட இடமும் உண்டு, தானே புதிதாகச் சொன்ன இடமும் உண்டு.

அந்தப் பெரிய பறவைக் கதையில சின்னக் குருவியைக் கிண்டல்தானே பண்றாரு? உரை ஏன் தலைகீழா இருக்கு?

நீங்கள் படித்தது சரி. பெங் என்ற மாபெரும் பறவை தொண்ணூறாயிரம் லீ (சீனத் தூர அளவு) உயரம் பறக்கிறது. புதர் விட்டுப் புதர் தாவும் சிறு பறவை அதைப் பார்த்துச் சிரிக்கிறது. ‘சிற்றறிவு பேரறிவை எட்டாது’ என்கிறது மூலம். குவோ ஷியாங்கோ, இரண்டும் தன் தன் இயல்புக்கு ஏற்ப இருந்தால் இரண்டின் சுதந்திரமும் ஒன்றுதான் என்கிறார். பெரியது சிறியதைப் பார்த்துச் செருக்கடைய வேண்டாம், சிறியது பெரியதைப் பார்த்து ஏங்க வேண்டாம்.

இதற்கு அடியில் வாங் பியோடு ஒரு மோதல் இருக்கிறது. இன்மையே வேர் என்றார் அவர். இன்மை என்றால் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாதது எப்படி ஒன்றைப் பெறும் என்று குவோ ஷியாங் கேட்கிறார். படைத்தவன் இல்லை, வேர் இல்லை; ஒவ்வொன்றும் தானே தன்னியல்பாக முளைக்கிறது. அப்படியானால் ஒவ்வொன்றின் அளவும் அதற்குள்ளேயே முடிந்தது.

இதில் ஓட்டை கண்டவர் ஜி துன் (314–366) என்ற பௌத்தத் துறவி. இயல்புப்படி நடப்பதே சுதந்திரம் என்றால், கொடுமை செய்வதையே இயல்பாகக் கொண்ட கொடுங்கோலன் ஜியேயும் கொள்ளையன் ஜியும்கூடச் சுதந்திரரா என்றார். குவோ ஷியாங்கின் உரையிலிருந்து இதற்குப் பதில் தேடிப் பார்த்தேன். திருப்தியாக எதுவும் கிடைக்கவில்லை.

அப்ப ‘இருக்கிற இடத்துலயே இரு’ன்னு ஆளுறவங்களுக்கு ஜால்ரா போட்டாரா?

சந்தேகம் நியாயமானது. சுவாங் ட்சுவில் இன்னொரு வரி: மாட்டுக்கும் குதிரைக்கும் நாலு கால் இருப்பது வானம் தந்தது, குதிரைத் தலையில் கடிவாளம் மாட்டுவதும் மாட்டுக்கு மூக்கு குத்துவதும் மனிதன் செய்தது. இரண்டாவதால் முதலாவதை அழிக்காதே என்கிறது மூலம். குவோ ஷியாங், மாடும் குதிரையும் அதை மறுக்கவில்லையே, ஆகவே அதுவும் வானத்தின் விதிதான் என்கிறார். இங்கே அவர் மூலத்தின் கழுத்திலேயே கயிறு போட்டுவிட்டார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஆனால் காலத்தையும் பாருங்கள். அரச குடும்பத்து இளவரசர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். 311இல் தலைநகர் லுவோயாங்கே எதிரி கையில் விழுந்தது. அவர் ஓர் இளவரசரிடம் உயர் பதவியில் இருந்தவர். அரசவையில் இருந்தாலும் ஞானியின் மனம் மலைக்காட்டில் இருப்பதுபோல்தான் என்று எழுதினார். பதவியை விட முடியாத, மலைக்கு ஓடவும் முடியாத ஒருவர் தனக்குச் சொல்லிக்கொண்டதாகவும் அது கேட்கிறது.

பௌத்தம் உள்ளே வந்து எல்லாத்தையும் குழப்பிடுச்சா?

குழப்பவில்லை, கூர்மையாக்கியது. 7ஆம் நூற்றாண்டில் செங் ஷுவான்யிங் என்ற தாவோயிசக் குரு, முதல் அத்தியாயக் கடைசியில் வரும் ‘மறைவினும் மறைவு’ என்ற தொடரைப் பிடித்துக்கொண்டார். ஆசை உள்ளவன் இருப்பில் ஒட்டிக்கொள்கிறான். ஆசை விட்டவன் இன்மையில் ஒட்டிக்கொள்கிறான். இரண்டு பிடியையும் விடச் சொல்வது முதல் மறைவு. ‘நான் விட்டுவிட்டேன்’ என்று அந்த விடுதலையில் ஒட்டிக்கொண்டால்? அதையும் விடச் சொல்வது இரண்டாம் மறைவு. நோய் போனதும் மருந்தையும் விட்டுவிட வேண்டும் என்பது அவர் தரும் உவமை.

‘உண்டு, இல்லை’ என்ற இரு பக்கத்தையும் மறுக்கும் இந்த முறை நாகார்ஜுனரின் மாத்தியமிகப் பள்ளியிலிருந்து, குமாரஜீவரின் 5ஆம் நூற்றாண்டு மொழிபெயர்ப்புகள் வழியாகச் சீனாவில் பரவியது. வாங் பிக்கு இன்மையே இறுதி. குவோ ஷியாங்குக்கு இருப்பே போதும். செங் இரண்டு பேரையும் எழுந்து போகச் சொல்கிறார். ஆனாலும் குவோ ஷியாங்கின் உரைக்கே விரிவான துணையுரை எழுதியவரும் இதே செங்தான்.

தாவோங்கிற சொல்லை நம்ம ஊர் மொழியில எப்படிச் சொல்லலாம்? பழைய ஆளுங்க யாராவது முயன்றாங்களா?

யுவான் சுவாங் முயன்றார். 647இல் காமரூப மன்னர் பாஸ்கரவர்மன் கேட்டதற்கிணங்க, லாவோ ட்சுவைச் சமஸ்கிருதத்தில் ஆக்கும்படி பேரரசர் தாய்சோங் உத்தரவிட்டார். யுவான் சுவாங் ஒரு பக்கம், முப்பதுக்கும் மேற்பட்ட தாவோயிசக் குருக்கள் மறுபக்கம். அவர்களில் செங்கும் ஒருவர். ‘தாவோ’வைப் ‘போதி’ என்று பெயர்க்க வேண்டும் என்றார்கள் குருக்கள். போதி என்றால் விழிப்பு, வழிக்குச் சமஸ்கிருதத்தில் ‘மார்க்கம்’ என்றுதான் சொல் என்று யுவான் சுவாங் அசையவே இல்லை.

லாவோ ட்சுவை விளக்க நாகார்ஜுனரை ஏன் இழுக்கிறீர்கள் என்றும் கேட்டார். முன்பு பௌத்தரான செங்ஜாவ் தன் நூலில் லாவோ ட்சுவையும் சுவாங் ட்சுவையும் அள்ளிப் பயன்படுத்தவில்லையா என்று பதிலுக்கு மடக்கினார்கள். ஹெஷாங் கோங்கின் முன்னுரையை மொழிபெயர்க்க முடியாது என்று மறுத்துவிட்டார் யுவான் சுவாங். பல்லைத் தட்டி எச்சில் விழுங்கும் பயிற்சியெல்லாம் இந்தியர் பார்த்தால் சிரிப்பார்கள் என்பது அவர் கவலை. இந்த விவாதத்தை எழுதி வைத்தவர்கள் பௌத்தர்கள் என்பதால், யுவான் சுவாங் கொஞ்சம் அதிகமாகவே ஜெயிக்கிறார். மொழிபெயர்ப்பு நமக்குக் கிடைக்கவில்லை.

ராஜாக்களே உரை எழுதினாங்களாமே?

தாங் அரச குடும்பத்தின் குடிப்பெயர் லி. லாவோ ட்சுவின் குடிப்பெயரும் லி. எனவே அவர் குலமுதல்வர் ஆனார். பேரரசர் ஷுவான்சோங் தானே உரை எழுதி, 733இல் வீட்டுக்கொரு பிரதி வைக்க ஆணையிட்டார்; கல்லிலும் வெட்ட வைத்தார். 1118இல் சோங் பேரரசர் ஹுய்சோங்கின் உரை வந்தது.

எல்லாவற்றிலும் விசித்திரமானது மிங் முதல் பேரரசர் 1374இல் எழுதியது. ‘மக்கள் சாவுக்கு அஞ்சாதபோது சாவைக் காட்டி மிரட்டி என்ன பயன்?’ என்ற 74ஆம் அத்தியாய வரி தன்னை உலுக்கியதாக முன்னுரையில் சொல்கிறார். காலையில் பத்துப் பேரைச் சந்தையில் கொன்றால், மாலையில் நூறு பேர் அதே குற்றம் செய்கிறார்களே என்று மரண தண்டனையைக் குறைத்து வேலைத் தண்டனை கொடுத்தாராம். 1380க்குப் பிறகு இதே பேரரசரின் வழக்குகளில் பல்லாயிரம் பேர் கொல்லப்பட்டார்கள்.

உரையாசிரியர் யாராவது ‘லாவோ ட்சு சொன்னது தப்பு’ன்னு சொல்லியிருக்காங்களா?

வாங் அன்ஷி. 11ஆம் அத்தியாயத்தில் முப்பது ஆரக்கால், நடுவில் வெறுமை, அந்த வெறுமையால்தான் வண்டிக்குப் பயன் என்று வருகிறது. வாங் அன்ஷி அமைச்சராக இருந்தவர், நிர்வாகி. வெறுமை பயன்படுவது ஆரக்காலும் குடமும் இருப்பதால்தானே. தச்சன் அதைச் செய்யாமல் விட்டால் வெறுமையை வைத்து என்ன செய்வாய் என்று கேட்டார். சடங்கு, இசை, தண்டனை, ஆட்சி இவைதாம் நாட்டின் ஆரக்கால்கள். அவற்றைத் தள்ளிவிட்டு வெறுமையின் பயனை எதிர்பார்ப்பது மடமை என்றார். வாங் பி கண்ட அதே துளையைத் தச்சன் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறார்.

இப்ப கல்லறையில பழைய பிரதியே கிடைச்சாச்சே. இனி இந்த உரையெல்லாம் வேண்டாம்தானே?

1973இல் மாவாங்துயி கல்லறையில் (கி.மு. 168இல் மூடியது) இரண்டு பட்டுப் பிரதிகள் கிடைத்தன. அவற்றில் ‘தே’ பகுதி முதலில், ‘தாவோ’ பகுதி பிறகு. 1993இல் குவோதியானில் அதைவிடப் பழைய மூங்கில் சுவடிகள் கிடைத்தன. சில வழக்குகள் தீர்ந்தன. முதல் அத்தியாயத்தில் ‘இல்லை ஆசை’ என்று வரும் இடத்திலும் வாங் பி ‘ஆசை’க்குப் பின்னும், வாங் அன்ஷி ‘இல்லை’க்குப் பின்னும் நிறுத்தியிருந்தார்கள். அந்த ‘ஆசை’ என்ற சொல்லுக்குப் பின் பட்டுப் பிரதியில் ஓர் அசைச்சொல் இருக்கிறது. அங்கே மூச்சு விட்டே ஆக வேண்டும். ஆக, அந்த அத்தியாயத்தின் ‘ஆசையின்றி’ என்ற தொடரைப் பொறுத்தவரை வாங் பி பிரித்ததுதான் பழையது; வாங் அன்ஷி தோற்றார். 25ஆம் அத்தியாயத்திலும் அரசன் அரசனாகவே இருக்கிறான். ஷியாங் அர் உயிர் பிந்தையது.

கூடவே ஒரு புதுச் சிக்கலும் வந்தது. ‘வானுக்கும் பூமிக்கும் தொடக்கம்’ என்று நாம் படிக்கும் இடத்தில் பட்டுப் பிரதியில் ‘எல்லாப் பொருளுக்கும் தொடக்கம்’ என்று இருக்கிறது. வாங் பியின் உரையைக் கவனித்தால் அவரும் அப்படிப் படித்ததுபோல்தான் விளக்குகிறார். அவர் உரையோடு சேர்த்து அச்சாகும் மூலம் வழியில் யாரோ கை வைத்த மூலம் என்று ஆகிறது. உரையைத் தூக்கி எறிந்திருந்தால் இது நமக்குத் தெரிந்தே இருக்காது.

என் கையில இருக்கிற மொழிபெயர்ப்பு யார் உரைப்படி போகுதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மூன்று இடம் பாருங்கள். முதல் அத்தியாயத்தில் ‘பெயரில்லாதது’ என்று வந்தால் வாங் பி பக்கம். ‘இன்மை என்ற பெயர்’ என்று வந்தால் வாங் அன்ஷி பக்கம். ஆறாம் அத்தியாயத்தில் மூச்சு, உறுப்பு, ஆயுள் என்று அடிக்குறிப்பு இருந்தால் ஹெஷாங் கோங் எட்டிப் பார்க்கிறார். 25இல் அரசனுக்குப் பதில் ‘மனிதன்’ இருந்தால் 7ஆம் நூற்றாண்டின் ஃபூ யி பதிப்பு போன்ற வேறு பாடம். அத்தியாய எண்ணே ஒத்துவரவில்லை என்றால் பயப்பட வேண்டாம். யுவான் அரச வம்சக் காலத்து உரையாசிரியர் வூ செங் 81ஐ 68 ஆகச் சேர்த்துவிட்டார்.

கலப்படமும் உண்டு. எங்கள் கூட்டத்தில் ஒருவர் கொண்டுவந்த நூல், முதல் அத்தியாயத்தின் ஒரு வரியில் வாங் அன்ஷியோடும் அடுத்த வரியில் வாங் பியோடும் போகிறது. ஏன் என்று மொழிபெயர்ப்பாளர் எங்குமே சொல்லவில்லை. அந்த நண்பர் இரண்டு வரிக்கும் நடுவில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறார்.